கூடை சுமந்த அன்னை

மண்ணில் பிறந்து மறைந்தோர் கோடானுகோடி. அவர்களுள் மாளிகை கட்டிப் பெயர் பெற்றோர் உண்டு. வாள் ஏந்திப் புகழ் கொண்டோர் உண்டு. நூல் எழுதி நிலைத்தோரும் உண்டு. ஒரு கூடையைக் கையில் மாட்டிக்கொண்டு, வீடு வீடாகச் சென்று, மீந்துபோன உணவைக் கேட்டு வாங்கியே உலகத்தார் நெஞ்சில் இடம்பெற்ற பெண்மணி ஒருவரும் உண்டு. அவர்தாம் பிரான்சு நாட்டில் தோன்றிய புனித ழான் ஜூகன் அம்மையார். பத்தாம் வகுப்பில் பயிலும் நாங்கள் அவருடைய வாழ்க்கை வரலாற்றை இவ்வாண்டு மலரில் எங்கள் அன்புத் தோழியருக்கும், அருட்சகோதரியருக்கும், பெற்றோருக்கும் காணிக்கையாக வைக்கிறோம்.

நம் ஆண்டவர் ஐயாயிரம் பேருக்கு உணவளித்த புதுமையை நாம் பாலர் வகுப்பிலிருந்தே கேட்டு வருகிறோம். ஐந்து அப்பமும் இரண்டு மீனும் நம் அனைவர் நினைவிலும் இருக்கின்றன. எல்லாரும் வயிறார உண்டபின் நடந்தது என்ன? மீதியான துண்டுகளில் ஒன்றுகூட வீணாகாதபடி சேர்த்து வைக்க ஆண்டவர் சீடர்களைப் பணித்தார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. ஒரு சொல்லால் உணவைப் பெருக்க வல்லவர், சிந்திய துண்டையும் பொறுக்கி வைக்கச் சொன்னாரே! அந்தக் கட்டளையை வாழ்நாள் முழுதும் கூடையில் சுமந்தவர் ழான் அம்மையார்.

கடலோரச் சிறுமி

பிரான்சின் வடமேற்கே பிரிட்டனி என்னும் பகுதி இருக்கிறது. அங்கே கான்கால் என்ற மீனவர் ஊர். அவ்வூரை அடுத்த ஒரு குக்கிராமத்தில் 1792ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 25ஆம் நாள் ழான் பிறந்தார். தந்தை யோசேப்பு ஜூகன் கடலோடி. எட்டுப் பிள்ளைகளில் ழான் ஆறாமவர். அவர்களுள் நால்வர் சிறு வயதிலேயே இறந்துவிட்டனர்.

அது பிரெஞ்சுப் புரட்சி நடந்த காலம். கோவில்கள் பூட்டப்பட்டன. குருக்கள் ஒளிந்து வாழ்ந்தனர். செபமும் மறைக்கல்வியும் வீட்டுக்குள் இரகசியமாகவே நடந்தன. நாடு இப்படிக் கலங்கி நின்றபோது அந்தச் சிறிய குடும்பத்தின் மீது வேறோர் இடி விழுந்தது. 1796இல் மீன் பிடிக்கச் சென்ற தந்தை கரை திரும்பவில்லை. அப்போது ழானுக்கு நான்கு வயதுகூட நிரம்பவில்லை.

தாய் மரி, கிடைத்த கூலி வேலையைச் செய்து பிள்ளைகளைக் காப்பாற்றினார். சிறுமி ழான் கடற்கரை மேட்டில் மாடு மேய்த்தார். மாடுகள் மேயும்போது கம்பளி நூற்கவும் பின்னவும் கற்றுக்கொண்டார். செபமாலையும் சொல்வார். பள்ளிப் படிப்பு அவருக்கு ஏறக்குறைய இல்லை. ஓரளவு எழுதப் படிக்கத் தெரியும், அவ்வளவே. புத்தகமும் கையுமாய் மேசை முன் அமர்ந்திருக்கும் நாம் இதைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய ஒரு பெரும் பணியைத் தொடங்கியவருக்குப் பாடசாலையாய் இருந்தவை மேட்டு நிலமும் கடற்காற்றும் தாயின் அடுப்படியுமே!

பணிப்பெண்ணாக

பதினாறாம் வயதளவில் ழான் ஒரு சீமாட்டியின் மாளிகையில் சமையற்கட்டுப் பணிப்பெண்ணாகச் சேர்ந்தார். அந்தச் சீமாட்டி இரக்கமுள்ளவர். ஏழைகளையும் நோயாளிகளையும் காணச் செல்லும்போது ழானையும் உடன் அழைத்துச் செல்வார். பெரிய வீட்டின் மேசையில் என்னென்ன மீந்துபோகும் என்பதை அடுப்படியில் நின்று ழான் கண்டார். சிறிய வீட்டின் அடுப்பில் என்னென்ன இல்லை என்பதை அந்தப் பயணங்களில் கண்டார். இவ்விரு காட்சிகளும் பிற்காலத்தில் அவருக்குப் பயன்பட்டன என்று நாங்கள் எண்ணுகிறோம்.

இளம் மாலுமி ஒருவர் அவரை மணக்க விரும்பினார். ழான் இசையவில்லை. இன்னதென்று இன்னும் தெரியாத ஒரு பணிக்காக இறைவன் தம்மை வைத்திருக்கிறார் என்று தாயிடம் பணிவாகச் சொன்னார். 1817இல், தம் இருபத்தைந்தாம் வயதில், ஊரை விட்டுப் புறப்பட்டு அருகிலிருந்த செயின்ட் செர்வான் நகரை அடைந்தார். அந்நகர் இன்று செயின்ட் மாலோ நகரின் ஒரு பகுதியாகிவிட்டது.

அங்கே ரோசே மருத்துவமனையில் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் நோயாளிகளைப் பேணினார். ஓய்வின்றி உழைத்ததால் உடல் தளர்ந்தது. பிறகு லெகோக் என்ற அம்மையாரின் இல்லத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் பணி செய்தார். முதலாளியும் பணிப்பெண்ணுமாய்த் தொடங்கிய அவ்விருவரும் உடன்பிறந்தார்போல் ஆயினர். சேர்ந்து செபித்தனர். தெருப்பிள்ளைகளுக்கு மறைக்கல்வி புகட்டினர். ஏழைகளுக்கு உதவினர். 1835இல் லெகோக் அம்மையார் காலமானார்.

அப்போது ழானுக்கு வயது நாற்பத்திரண்டு. சொந்த வீடு இல்லை. பெரிய சேமிப்பு இல்லை. உறுதியான உடல்நலமும் இல்லை. அன்றாடம் வெளுப்பு வேலையும் வீட்டு வேலையும் செய்து பிழைத்தார். 1837இல் பான்ஷோன் என்ற எழுபது வயது கடந்த மூதாட்டியோடு சேர்ந்து ஒரு சிறு வீட்டின் மேற்பகுதியை வாடகைக்கு எடுத்தார். விர்ஜினி என்ற பதினேழு வயது அநாதைப் பெண்ணும் அவர்களோடு வந்து சேர்ந்தாள். மூவரும் கைத்தொழில் செய்து, கிடைத்ததைப் பகிர்ந்து உண்டனர்.

ஒரு கட்டில் கைமாறிய இரவு

1839ஆம் ஆண்டின் குளிர்காலம். ஆன் ஷொவேன் என்ற கைம்பெண் அந்நகரில் இருந்தார். கண் பார்வை இல்லை. உடலின் ஒரு பாதி செயலற்றுப் போயிருந்தது. அவரைப் பார்த்துக்கொண்ட சகோதரியும் நோயுற்று மருத்துவமனைக்குச் சென்றுவிட்டார். குளிரில் தனியே கிடந்த அந்த மூதாட்டிக்கு உதவ எவருமில்லை.

ழான் சென்று பார்த்தார். வந்து பான்ஷோனிடமும் விர்ஜினியிடமும் கலந்து பேசினார். பின்பு மூதாட்டியைத் தம் முதுகில் சுமந்து குறுகிய படிகளில் ஏறினார். தம் கட்டிலில் அவரைப் படுக்க வைத்துவிட்டுத் தாம் பரணில் போய்ப் படுத்தார். உலகளாவிய ஒரு துறவற சபை பிறந்த கதை இதுதான். கூட்டம் கூட்டவில்லை, நிதி திரட்டவில்லை, கல்வெட்டு நாட்டவில்லை. ஒரு கட்டில் கைமாறியது!

அடுத்து இசபெல் என்ற மூதாட்டி வந்து சேர்ந்தார். அவருடைய கதை கல்லையும் கரைப்பது. அவர் ஒரு குடும்பத்தில் வேலைக்காரியாய் இருந்தவர். எசமானர்கள் நொடித்துப்போனபோது அவர்களைக் கைவிடாமல் தம் சேமிப்பையெல்லாம் கொடுத்துக் காத்தார். அது தீர்ந்தபின் அவர்களுக்காகவே பிச்சை எடுத்தார். அவர்கள் இறந்தபின் அவருக்கென்று ஒருவரும் இல்லை. ழான் அவரைத் தம் இல்லத்துக்கு அழைத்துக்கொண்டார்.

மேல்மாடி நிறைந்தது. 1841இல் முன்பு மதுக்கடையாய் இருந்த ஒரு கீழ்த்தளத்தை வாடகைக்குப் பிடித்தார்கள். பன்னிரண்டு மூதாட்டியர் அங்கே தங்கினர். 1842இல் பழைய கன்னியர் மடம் ஒன்றை வாங்கினார்கள். இல்லத்தார் தொகை நாற்பதளவுக்கு உயர்ந்தது. மரி ஜாமே, மதலேன் ஆகிய இளம்பெண்களும் பணியில் இணைந்தனர்.

கூடை

இப்போது ஒரு கேள்வி எழுந்தது. இத்தனை பேருக்கும் உணவு எங்கிருந்து வரும்? நூற்று நெய்து கிடைத்த காசு வாடகைக்கே போதவில்லை.

அம்மூதாட்டியருள் பலர் இல்லத்துக்கு வருமுன் பிச்சை எடுத்தே வாழ்ந்தவர்கள். இன்ன கிழமையில் இன்ன வீட்டில் ரொட்டி கிடைக்கும், இன்ன தெருவில் சில்லறை கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். மீண்டும் தெருவுக்குச் செல்லலாமா என்று அவர்கள் கேட்டால் ழான் என்ன சொல்வார்? தள்ளாத வயதில் குளிரிலும் மழையிலும் வாசல் வாசலாய் நின்று ஏச்சுக் கேட்பது அவர்களுடைய மனத்தை எவ்வளவு புண்படுத்தும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். புனித இறை யோவான் சபையைச் சேர்ந்த துறவி ஒருவரும் அவருக்கு ஊக்கமூட்டினார். ழான் ஒரு முடிவுக்கு வந்தார். நீங்கள் போகும் வீடுகள் எவை என்று மூதாட்டியரிடம் கேட்டறிந்தார். கூடையை எடுத்தார். அவர்களுக்குப் பதிலாகத் தாமே அந்த வாசல்களில் போய் நின்றார்.

தோழியரே, இது எளிதென்று நினைத்துவிட வேண்டாம். ழான் பிறந்த குடும்பம் ஏழைக் குடும்பம்தான். ஆயினும் உழைத்து உண்டு மானத்தோடு வாழ்ந்த குடும்பம். வேலைக்காரியாய் இருந்தபோதும் அவர் கூலி வாங்கினாரே தவிர எவரிடமும் கை ஏந்தியதில்லை. நாற்பத்தொன்பது வயதில், தம்மை நன்கு அறிந்த நகரத்தில், அறிமுகமான முகங்களின் முன் பிச்சைக் கூடையுடன் நிற்பது அவருக்கு மிகவும் கடினமாய் இருந்தது. அவர் அந்த நாணத்தை வென்றார். மூதாட்டியரின் பசியைத் தீர்ப்பதற்கு முன், அவர்களுடைய அவமானத்தைத் தம் தலையில் ஏற்றுக்கொண்டார்.

அவர் கேட்டவை எவை? பெரிய வீடுகளின் மேசையில் மீந்த உணவு. உண்ணாமல் கிடந்த ரொட்டித் துண்டுகள். சந்தையில் விற்காமல் நின்ற காய்கறி, உருளைக்கிழங்கு. பழைய துணி, விறகு, கம்பளி. காசு கொடுத்தால் காசு. எதையும் அற்பம் என்று அவர் தள்ளவில்லை. ஒரு வீட்டில் கால் ரொட்டி மீந்தால் அது குப்பைக்குப் போகும். நாற்பது வீட்டின் கால் ரொட்டிகள் ஒரே கூடையில் சேர்ந்தால் பத்து முழு ரொட்டிகள் ஆகும். இக்கணக்கைப் போட நம் கணித ஆசிரியை தேவையில்லை. ஆனால் அந்த நாற்பது வாசலுக்கும் நடந்து செல்ல ஒருவர் தேவை. உலகில் உணவு இல்லாமல் பசி உண்டாவதும் உண்டு. உணவு இருந்தும், அதைப் பசித்தவரிடம் கொண்டுசேர்க்கும் கால்கள் இல்லாமல் பசி உண்டாவதும் உண்டு. ழான் தம் கால்களைத் தந்தார்.

நம் தமிழ் இலக்கியம் அமுதசுரபி என்ற அட்சய பாத்திரத்தைப் பற்றிப் பேசுகிறது. எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம் அது. ழான் அம்மையாரின் கூடையோ அன்றாடம் காலியாகும் கூடை. மறுநாள் காலையில் அதை மீண்டும் எடுத்துக்கொண்டு நடந்தாக வேண்டும்.

கொண்டுவந்த உணவை அவர்கள் எப்படி நடத்தினார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. அது மூதாட்டியருக்கு முதலில் பரிமாறப்பட்டது. அவர்கள் உண்டு முடித்தபின் சகோதரியர் உண்டனர். வீட்டுக்கு வந்த பெரியோருக்குச் செய்யும் உபசாரமே அவர்களுக்கும் கிடைத்தது. நம் தமிழில் மிச்சம் என்று ஒரு சொல் உண்டு, எச்சில் என்று ஒரு சொல்லும் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. மிச்சத்தை மதியாமல் எறிந்து கொடுத்தால் அது எச்சிலைவிடக் கேவலமாகிவிடும். அன்போடு பரிமாறினால் அதுவே விருந்தாகும். பிறர் மேசையில் மீந்ததை விருந்தாக்கியதே ழான் அம்மையாரின் பெருமை.

அடியும் நன்றியும்

கூடையோடு செல்பவருக்கு எல்லாக் கதவும் இனிதே திறக்குமா? ஒருநாள் ஒருவர் எரிச்சலுற்று அவரைக் கன்னத்தில் அறைந்துவிட்டார். ழான் கோபிக்கவில்லை. நன்றி கூறினார். அந்த அடி தமக்கு உரியது என்றும், இனித் தம் ஏழைகளுக்கு உரியதைத் தரவேண்டும் என்றும் அமைதியாகக் கேட்டார்.

இன்னொருநாள் வசதிமிக்க முதியவர் ஒருவர் அவருக்கு நன்கொடை தந்தார். மறுநாளும் ழான் அதே வாசலில் நின்றார். முதியவருக்குச் சினம் வந்தது. நேற்றுத்தானே கொடுத்தேன் என்றார். தம் ஏழைகளுக்கு நேற்றும் பசித்தது, இன்றும் பசிக்கிறது, நாளையும் பசிக்கும் என்று ழான் புன்னகையுடன் விடையளித்தார். அன்றிலிருந்து அம்முதியவர் தவறாமல் உதவுபவராக மாறினார் என்று அவர் வரலாறு கூறுகிறது. ஒருமுறை கொடுத்துவிட்டு ஓராண்டுக்கு மனநிறைவு கொள்ளும் நமக்கு இந்த விடை ஒரு சாட்டையடி அன்றோ!

ஆன்ஜே நகர் இல்லத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அங்கே முதியோர் வெண்ணெய் இன்றி வெறும் ரொட்டியை உண்பதை ழான் கண்டார். வெண்ணெய்க்குப் பெயர்போன நாட்டில் இப்படியா என்று கேட்டார். வாங்க வழியில்லை என்று சகோதரியர் கூறினர். அப்படியானால் புனித சூசையப்பரிடம் ஏன் கேட்கவில்லை என்றார். புனிதரின் சுரூபத்தின் முன் விளக்கேற்றி, காலி வெண்ணெய்ப் பாத்திரங்களை வரிசையாக வைக்கச் செய்தார். சில நாட்களில் பெயர் தெரியாத ஒருவர் ஏராளமான வெண்ணெய் அனுப்பி வைத்தார். சூசையப்பரிடம் கேட்டதோடு அவர் நிற்கவில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது. செபமாலை ஒரு கையில், கூடை மறு கையில் என்பதே அவர் வழி.

பரிசும் பறிகொடுத்தலும்

செயின்ட் செர்வான் நகரத் தலைவரும் பெரியோரும் சேர்ந்து ழானின் பணியைப் பாரீசிலுள்ள பிரெஞ்சுக் கழகத்துக்கு எழுதித் தெரிவித்தனர். ஏழையாய் இருந்தும் சிறந்த அறச்செயல் புரிந்தோருக்கு அக்கழகம் மோந்தியோன் பரிசு வழங்கி வந்தது. 1845ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அப்பரிசு ழானுக்குக் கிடைத்தது. தொகை 3,000 பிராங்க். அறிஞர்கள் கூடிய அவையில் கூடை சுமக்கும் பெண்ணின் பெயர் போற்றப்பட்டது. அங்கே ஆற்றப்பட்ட உரை அச்சிடப்பட்டது. புதிய ஊர்களுக்குச் செல்லும்போது ழான் அதையே அறிமுகக் கடிதமாகக் காட்டினார். புகழைக்கூட அவர் ரொட்டியாக மாற்றிவிட்டார்!

இந்தப் பரிசுக்கு முன்பே அவருக்கு ஒரு பெரிய சோதனை வந்திருந்தது. 1843 டிசம்பரில் சகோதரியர் அவரை மீண்டும் தலைவியாகத் தேர்ந்தெடுத்தனர். பணிக்குத் தொடக்கத்தில் துணை நின்ற லெ பயேர் என்ற குருவானவர், இரு வாரங்களுக்குள் அத்தேர்தலைத் தள்ளிவிட்டு, இருபத்து மூன்று வயதே ஆன மரி ஜாமேயைத் தலைவியாக்கினார். ழானுக்குக் கூடை மட்டும் விடப்பட்டது. அவர் வாதாடவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு நடந்தார். 1846இல் ரென் நகரிலும் தினான் நகரிலும் புதிய இல்லங்கள் தோன்றின. 1849இல் தூர், 1850இல் ஆன்ஜே என்று பணி விரிந்தது. 1849 அளவில் மக்களே அவர்களுக்கு ஏழைகளின் சிறிய சகோதரிகள் என்ற அழகிய பெயரைச் சூட்டினர். 1851இல் இலண்டனிலும் இல்லம் தொடங்கிற்று. மறு ஆண்டு ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் இச்சகோதரியரைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது.

1852இல் ரென் மறைமாவட்ட ஆயர் சபைக்கு ஒப்புதல் அளித்தார். அந்த ஆண்டே ழான் தாய் மடத்துக்குத் திருப்பி அழைக்கப்பட்டார். இனி வெளியே செல்ல வேண்டாம், நன்கொடையாளரோடு தொடர்பு வேண்டாம் என்று கட்டளை வந்தது. கூடையும் அவர் கையிலிருந்து போயிற்று. சிலுவையின் மரி என்ற துறவறப் பெயருடன், அவர் இளம் நவகன்னியர் நடுவில் ஒருவராக வாழ்ந்தார். 1856இல் செயின்ட் பெர்ன் என்ற ஊரில் புதிய தாய் மடம் அமைந்தபோது அங்குச் சென்றார். சபையைத் தொடங்கியவர் குருவானவரே என்றும், ழான் மூன்றாவதாக வந்து சேர்ந்தவர் என்றும் எழுதப்பட்டது. அவருக்கு அருகில் அமர்ந்து தைத்த இளம் சகோதரியர் பலருக்கு அவர்தாம் தங்கள் அன்னை என்பது தெரியாது.

இருபத்தேழு ஆண்டுகள்! நாம் வாழ்ந்த வயதைவிட எவ்வளவு நீண்ட காலம்! வகுப்பில் நாம் வரைந்த படத்தில் வேறொரு பெண் தன் பெயரை எழுதிவிட்டால் எத்தனை நாள் பேசாமல் இருப்போம்? தாம் பெற்ற பிள்ளை தம்மைத் தாய் என்று அழைக்காத வீட்டில் அவர் இருபத்தேழு ஆண்டுகள் மகிழ்ச்சியோடு வாழ்ந்தார். ழானுக்கு நேர்ந்தது நியாயம் என்று நாங்கள் சொல்லவில்லை. பசித்தவருக்கு உணவு போய்ச் சேருகிறதா என்பதையே அவர் பார்த்தார். அது யார் பெயரில் போகிறது என்று பார்க்கவில்லை. முதியோருக்கு அன்றாடம் உணவு கிடைத்துக்கொண்டிருந்தது. அவருக்கு அது போதுமானதாய் இருந்தது.

ஒரே ஒருமுறை அவருடைய கருத்து கேட்கப்பட்டது. 1865இல், நிலையான வருமானம் தரும் சொத்தைச் சபை ஏற்கலாமா என்ற கேள்வி எழுந்தது. அம்மையாரை அழைத்துக் கேட்டனர். வேண்டாம், அன்றாடம் இறைவனின் பராமரிப்பையே நம்பி வாழ்வோம் என்பது அவர் விடை. சபையும் அவ்வாறே முடிவு செய்தது. வங்கியில் பணம் நிறைந்திருந்தால் வாசல் வாசலாய்ச் செல்வது நின்றுபோகும். அப்போது ஏழைக்கும் செல்வருக்கும் நடுவே இருந்த பாலமும் இடிந்துபோகும் அல்லவா?

வெளிப்பட்ட உண்மை

1879ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் சபையின் ஒழுங்குகளை அங்கீகரித்தார். அதே ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் ழான் அம்மையார் தம் 86ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அப்போது சபையில் 2,400 சகோதரியர் இருந்தனர். இல்லங்கள் 177. ஒரு கட்டிலில் தொடங்கிய பணி பத்து நாடுகளில் வேரூன்றியிருந்தது.

புதைத்த விதை முளைக்காமல் போகுமா? 1890இல் உரோமையிலிருந்து வந்த விசாரணையின் பின் குருவானவர் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டார். 1893இல் மரணப் படுக்கையில் இருந்த மரி ஜாமே, தாம் சபையைத் தொடங்கியவர் அல்லர் என்றும், தமக்குச் சொல்லப்பட்டபடி நடந்ததாகவும் ஒப்புக்கொண்டார். மெல்ல மெல்ல உண்மை வெளிவந்தது. 1982 அக்டோபர் 3ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், ழான் அம்மையாருக்கு முத்திப்பேறு பெற்றவர் என்ற பட்டம் அளித்தார். 2009 அக்டோபர் 11ஆம் நாள் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அவரைப் புனிதர் என அறிவித்தார்.

நம் நாட்டுக்கும் இச்சகோதரியர் வந்தனர். 1882இல் கல்கத்தாவில் முதல் இல்லம் தொடங்கிற்று. பின்னர்ச் சென்னை, பெங்களூர், செகந்திராபாத் முதலிய நகரங்களிலும் இல்லங்கள் தோன்றின. சாதி, சமயம் பாராமல் ஆதரவற்ற முதியோரை அவர்கள் ஏற்கின்றனர். சந்தைக்கும் கடைக்கும் சென்று கேட்டு வாங்கும் வழக்கமும் தொடர்கிறது. கூடைக்குப் பதில் பல ஊர்களில் இன்று வண்டி வந்துவிட்டது, அவ்வளவே.

நாம் செய்யத்தக்கது

ழான் அம்மையாரின் காலத்தைவிட இன்று உணவு மிகுதி. வீணாவதும் மிகுதி. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 105 கோடி டன் உணவு வீணாயிற்று என்று ஐக்கிய நாடுகள் அவையின் சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டுள்ளது. வீடுகள், உணவகங்கள், கடைகள் ஆகியவற்றுக்கு வந்துசேர்ந்த உணவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இது. அதில் பாதிக்கு மேல் வீணானது உணவகங்களில் அன்று, நம்மைப் போன்றோர் வீடுகளில்தான். அதே உலகில் எழுபது கோடிக்கு மேற்பட்டோர் பசியோடு இருந்தனர்.

இவ்வளவு பெரிய எண்ணைக் கேட்டு மலைத்துப்போக வேண்டாம். ழானும் எண்ணைப் பார்க்கவில்லை. அடுத்த வாசலைப் பார்த்தார். நம் தாய்மார் தபசு காலத்தில் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே கலயத்தில் போடும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அந்தப் பிடியரிசியின் அழகு என்ன? நாம் உண்டபின் மீந்ததா என்று பார்த்துக் கொடுப்பதில்லை, உண்ணுமுன்பே எடுத்து வைக்கிறோம். ழானின் கூடையும் நம் வீட்டுக் கலயமும் உடன்பிறந்தவை.

நம் வீட்டுத் திருமணங்களையும் எண்ணிப் பார்ப்போம். கடைசிப் பந்தி முடிந்தபின் அண்டா அண்டாவாய்ச் சோறும் சாம்பாரும் மீந்து நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். நம் ஊர் வெயிலுக்குச் சமைத்த உணவு சில மணி நேரத்தில் கெட்டுப்போகும். ஆகவே மறுநாள் காலையில் இரங்கிப் பயனில்லை. பந்தி நடக்கும்போதே ஒருவர் நினைவாய் இருந்து, அருகிலுள்ள முதியோர் இல்லத்துக்கோ அநாதை இல்லத்துக்கோ சொல்லியனுப்ப வேண்டும். கெடாத உணவை, தூய பாத்திரத்தில், சூடு ஆறுமுன் கொண்டு சேர்க்க வேண்டும். நாம் உண்ணத் தயங்கும் உணவை மற்றவருக்கு அனுப்பலாகாது. பெற்றோரே, அந்த நேரத்தில் உங்கள் மகள் அருகில் வந்து மீந்த உணவை என்ன செய்யப் போகிறோம் என்று கேட்டால், விளையாட்டுப் பேச்சென்று தள்ளிவிடாதீர்கள் என உங்களை வணங்கிக் கேட்டுக்கொள்கிறோம்.

தோழியரே, கொடுப்பது நல்லது. பிறருக்காகக் கேட்பது அதனினும் அரிது. கேட்கும்போது சிரிப்பார்கள், முகம் சுளிப்பார்கள், நேற்றுத்தானே கொடுத்தோம் என்பார்கள். அப்போது கான்கால் கடற்கரையில் மாடு மேய்த்த அந்தச் சிறுமியை நினைத்துக்கொள்வோம். பசி நேற்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது, நாளையும் வரும். நாமும் நாளைக் காலையில் கூடையை எடுப்போம்.